கட்டையாகச் சொன்ன பதில்

"அடிபடுறதுக்கு நான் இங்க வந்தால்தானே, தம்பி."

ஐயா சொன்னது இவ்வளவுதான். நான் அதைக் கவுன்சிலர்களிடம் ஆங்கிலத்தில், "இல்லை, இவர்மேல் இதுவரை எந்த சைக்கிளும் மோதியதில்லை" என்று சொன்னேன். பொய் இல்லை. மோதியதில்லைதான். ஆனால் அவர் சொன்ன பதில் அது இல்லை. நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பல்லிடுக்கில் மாட்டின நாரைப் போல, சும்மா இருக்கும்போதெல்லாம் நாக்கு அங்கேயே போகிறது.

லண்டனில் ஒரு பரோ கவுன்சிலில், அதாவது நகரின் ஒரு பகுதிக்கான உள்ளாட்சி மன்றத்தில், ஸ்க்ரூட்டினி அலுவலராக இருக்கிறேன். 'கண்காணிப்புக் குழு' என்று தமிழில் சொன்னால் சிசிடிவி பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஊரில் யாராவது கேட்டால் "கவுன்சில்ல வேலை" என்று முடித்துவிடுவேன். 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வந்த பிறகு, இங்கே பெரும்பாலான கவுன்சில்களில் முடிவெடுப்பது கேபினட்டில் இருக்கும் சில கவுன்சிலர்கள்தான். மற்ற கவுன்சிலர்கள் ஸ்க்ரூட்டினி குழுவாகக் கூடி அந்த முடிவுகளைக் கேள்வி கேட்கலாம், ஆட்களை அழைத்து விசாரிக்கலாம், பரிந்துரை எழுதலாம். கேபினட் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல்லில்லாத குழு என்று கிண்டல் செய்வார்கள். சரி, பல் இல்லை. சொல் மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை எழுதுகிறவன் நான்.

அந்த முறை எடுத்துக்கொண்ட விஷயம் பஸ் நிறுத்தமும் சைக்கிள் பாதையும். 2020-ல் கொரோனா காலத்தில் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டு அவசரமாகப் போட்ட பாதை அது. பரிசோதனை ஆணையின் கீழ் போட்டது. அப்படிப்பட்ட ஆணை 18 மாதத்துக்கு மேல் செல்லாது. அதற்குள் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிவிட வேண்டும். நிரந்தரமாக்கினார்கள். கம்பம் போய்க் கான்கிரீட் விளிம்பு வந்தது. பஸ் நிறுத்தம் வருகிற இடத்தில் பாதை நிறுத்தத்துக்குப் பின்பக்கமாக வளைந்து போகும். நிறுத்தம் ஒரு தீவாகிவிடும்: ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் சைக்கிள், அதற்கப்புறம்தான் நடைபாதை. இறங்கியவர் சைக்கிள்களைக் கடந்துதான் கரையேற வேண்டும்.

சைக்கிளில் போகிறவனுக்கு இது வரப்பிரசாதம். நிற்கிற பஸ்ஸைத் தாண்ட, பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடுச்சாலைக்கு ஒதுங்க வேண்டியதில்லை. நான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். குழுவிடம் இதைச் சொல்லவில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்கு இருக்கும் ஆதாயத்தைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று விதி உண்டு. அலுவலர் எதில் ஏறி வேலைக்கு வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நவம்பர் காலையில் நேரில் பார்க்கப் போனோம். ஐந்து கவுன்சிலர்கள், ஒரு சாலைப் பொறியாளர், நான், அப்புறம் ஐயா. பார்வையற்றோர் அமைப்பு ஒன்றின் மூலமாக வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். "சீனி வருத்தத்தில போனது" என்று கண்ணைப் பற்றி அவரே முதலில் சொல்லிவிட்டார், நாங்கள் கேட்கத் தயங்குவோம் என்று தெரிந்த மாதிரி. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான ஆங்கிலம் அவருக்கு இருந்தது. "ஆனா அவையள் எல்லாரும் சேர்ந்து கதைக்கிற வேகத்துக்கு எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லிவிடுங்கோ, தம்பி" என்றார். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய நேரம் இருந்தது. நான் செய்யவில்லை. நமக்குத்தான் தமிழ் தெரியுமே என்ற ஒரு சின்னப் பெருமை.

பஸ் போய்விட்டது. ஐயா தீவின் விளிம்பில், காலுக்குத் தட்டுப்படும்படி மேடிட்ட கற்கள் பதித்திருந்த இடத்தில், வெள்ளைப் பிரம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு காதை மட்டும் பாதைப் பக்கம் சாய்த்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். சர்ரென்று ஒரு மின்சார சைக்கிள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி காது. மறுபடி கால். இந்த முறை ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கால் எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும், என் வேலையே அதுதான்.

நின்றபடியே பேச்சை ஆரம்பித்தார். "நான் சைக்கிளுக்கு எதிரான ஆள் இல்லை. எங்கட ஊரில பெற்றோலுக்குத் தடை இருந்த காலம் முழுக்க சைக்கிள்தான் எங்களுக்கு எல்லாம். வருத்தக்காரரை ஏத்தினது அதில, விறகு கட்டினது அதில. கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தி கேட்டனாங்கள். அந்தச் சைக்கிள் எண்டால் மட்கார்ட் கிலுகிலுக்கும், செயின் கவரில அடிக்கும். ஒழுங்கை முனையில வரேக்கையே ஆர் எண்டு சொல்லிப்போடுவன். இது காத்து மாதிரியெல்லோ வருது."

இதை நான் அழகாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. டைனமோவும் ரேடியோவும் வந்தபோது கவுன்சிலர்கள் சிரித்தார்கள், ஒரு அம்மா "எவ்வளவு அருமை" என்றார். இன்றைக்கு யோசித்தால் இதுதான் உறுத்துகிறது. மொழிபெயர்க்கத் தெரியாதவன் என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது. அரை நிமிடத்துக்கு முன்னால் நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர், பாதையைப் பிடுங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கவுன்சிலர். "இந்த இடத்தில் இவரை எந்த சைக்கிளாவது இடித்திருக்கிறதா என்று கேளுங்கள்." நான் கேட்டேன். ஐயா சொன்னார். நான் "இல்லை" என்றேன். கவுன்சிலரின் முகம் சற்று இறங்கியது. பொறியாளர் நோட்டில் ஏதோ எழுதினார்.

காற்று அடித்தது, எல்லோருக்கும் குளிர், அடுத்த பஸ் வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது. அந்த வாக்கியம் ஒரு குத்தல். குத்தல் மொழி மாறும்போது செத்துப்போகும். கேட்டது ஆம் அல்லது இல்லை என்கிற கேள்வி, அதற்கு உண்மையான பதில் இல்லை என்பதுதான். இதெல்லாம் நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்கள். ஒன்றும் தவறில்லை.

ஆனால் அந்த அரை நொடியில் என் மனசில் ஓடியது காற்றும் குளிரும் இல்லை. அந்தக் கவுன்சிலர் வீடு வீடாகப் போடப்போகும் துண்டுப்பிரசுரம்தான். பார்வையற்ற முதியவரை விரட்டிய சைக்கிள் பாதை. அதன் எழுத்தளவுகூட எனக்குத் தெரிந்தது. 'இவர் இப்போது இந்த நிறுத்தத்துக்கே வருவதில்லை' என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பிரசுரத்தின் தலைப்பை நானே எழுதிக் கொடுத்த மாதிரி. ஐயாவை யாரும் ஆயுதமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்றுதான் சுருக்கினேன் என்று கொஞ்ச நாள் நம்பினேன். அவர் என்னிடம் பாதுகாப்பு கேட்கவில்லை. பஸ் நிறுத்தம்தான் கேட்டார்.

மற்றவர்கள் போன பிறகு அவரை முந்தின நிறுத்தம் வரை கூட்டிப்போனேன். அவர் இப்போது பயன்படுத்துவது அதைத்தான். அங்கே தீவு இல்லை, பழைய மாதிரி நடைபாதையிலேயே பஸ் வந்து நிற்கும். கண் ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே இறங்கி, இரண்டு பக்கத்துத் தெருக்களைக் கடந்து நடக்கிறார். பாதி வழியில், "தம்பி, நான் நீளமாச் சொன்னனான். நீங்கள் கட்டையாச் சொல்லிப்போட்டியள்" என்றார்.

"கட்டை" என்றால் அவர்கள் பேச்சில் குட்டை. அவ்வளவு ஆங்கிலம் அவருக்கு இருக்கிறது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். "சுருக்கமாகச் சொன்னேன் ஐயா" என்றேன். "ஓம், ஓம்" என்றார். கோபம் இல்லை. அதற்கப்புறம் என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

அறிக்கையில் திருத்தியிருக்கலாம். மூன்று வாரம் இருந்தது. பொறியாளர் விபத்துக் கணக்கைக் கொடுத்திருந்தார். இங்கே அதற்கு ஸ்டாட்ஸ்19 என்று பெயர். காயம் ஏற்பட்டு, போலீசுக்குத் தெரியவந்து, அவர்கள் படிவத்தில் ஏற்றினால்தான் அதில் வரும். நூலிழையில் தப்பியவர் வரமாட்டார். பயந்து வேறு நிறுத்தத்துக்குப் போனவர் வரவே மாட்டார். அந்த நிறுத்தத்துக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. அதன் கீழே நான், "சாட்சியளித்தவர்களில் எவரும் மோதலுக்கு உள்ளானதாகத் தெரிவிக்கவில்லை" என்று எழுதினேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. ஐயா அங்கே வராததால் உண்டான பூஜ்யம், அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரமாகி உட்கார்ந்தது. எழுதும்போதே இது எனக்குத் தெரிந்ததா? தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் பின்னிணைப்பில் இன்னொரு வரி சேர்த்தேன்: "சில பயணிகள் இந்த நிறுத்தத்தைத் தவிர்ப்பதாகக் கூறினர்." ஒருவரைச் சிலராக்கினேன். சிலர் என்று எழுதினதும் யாருமே இல்லாமல் போய்விட்டது.

2019-ல் அரசாங்கம் ஸ்க்ரூட்டினிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மக்களின் குரலையும் கவலையையும் பலமாகக் கேட்கச் செய்வது இந்தக் குழுக்களின் வேலை என்று அதில் இருக்கிறது. புதிதாக ஜெயித்து வரும் கவுன்சிலர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் இரண்டாவது ஸ்லைடே அதுதான். இப்போதும் அதையேதான் காட்டுகிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பரிந்துரைகளைக் கேபினட் கிட்டத்தட்ட முழுதாக ஏற்றுக்கொண்டது. நிறுத்தத்தின் பின்னால் சைக்கிள் பாதையின் குறுக்கே ஜீப்ரா கோடு போட்டார்கள். 2016-ல் சாலைக் குறியீட்டு விதிகள் மாறிய பிறகு, சைக்கிள் பாதையில் போடுகிற ஜீப்ராவுக்கு மினுக்கும் மஞ்சள் விளக்கு தேவையில்லை. பெயின்ட் போதும், செலவு குறைவு. பாதையைக் கொஞ்சம் மேடாக்கி வேகத்தையும் குறைத்தார்கள். அந்தக் குத்தலை நான் முழுதாகச் சொல்லியிருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருக்கும், பரிந்துரையே வந்திருக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் மனைவியிடம் சொன்னேன். "அப்படின்னா சரியாத்தானே செஞ்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு ராத்திரி ஒரு மணிக்கு அதையே பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

பெயின்ட் ஐயாவுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது சைக்கிளில் வருகிறவன். பார்த்தால் போதாது, நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். பெரும்பாலும் நிற்கிறேன். போன பிப்ரவரியில் ஒரு நாள் எட்டரை மணிக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் தீவில் நிற்பதைப் பார்த்தேன். பார்த்தபோது கோட்டைத் தாண்டியிருந்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதுவும் எந்தக் கணக்கிலும் வராது.

பாதை இருப்பது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதற்கு முன்னால் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன் என்று எனக்குத் தெரியும். ஐயாவும் பாதையை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுத முடியாது என்று நான்தான் ஏன் முடிவுகட்டினேன் என்று புரியவில்லை. எழுதியிருந்தால் கவுன்சிலர்கள் தாங்கியிருப்பார்களோ என்னவோ. நான் தாங்கமாட்டேன் என்பதை அவர்கள் தலையில் போட்டுவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.

பரிந்துரைகள் என்ன ஆயின என்று குழு திரும்பிப் பார்க்கும் கூட்டம் அடுத்த மாதம் வருகிறது. பழைய சாட்சிகளை மறுபடி அழைக்க வேண்டும். ஐயாவுக்குப் போன் செய்தேன், வருகிறேன் என்றார். இந்த முறை வெளியிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவம் நிரப்பி அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், 'சாட்சி தமிழில் பேசுவார்' என்று மட்டும் எழுதினேன்.

மேலாளர் படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "போன தடவை நீதானே செய்தாய்? நன்றாகத்தானே செய்தாய்?"

செலவுக் கணக்கு அவர் கையில். பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்.