ஹெரால்டுடன் உதகை வரை

7 டிசம்பர் 2025, ஞாயிறு

குடியரசு நாள் விடுமுறையை ஒட்டிப் பழைய கார்களில் சென்னையிலிருந்து உதகைக்குப் போய்வருவது என்று நண்பர்கள் கூடி முடிவு செய்துவிட்டோம். ஒரு மார்க் 2 அம்பாசடர், ஒரு பிரீமியர் பத்மினி, ஒரு வில்லிஸ் ஜீப், என்னுடைய 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 ஆகியவை கிளம்புகின்றன. பரிசு கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. கிளம்பிய வண்டி எதுவும் லாரியில் ஏறாமல் சொந்தச் சக்கரத்தில் வீடு திரும்ப வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் ஓட்டத்திலும், 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் ஏறத்தாழ 96 கிலோமீட்டரைக் கடந்து ஊர் சேர்வதைத்தான் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள்.

ஹெரால்டு நம் ஊர்க் கார் என்பதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட இதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலோட்டி. 1961 முதல் வண்டலூர்ப் பக்கமிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவுகளோடு இருந்த வண்டியை 1968இல் நான்கு கதவுகள் கொண்டதாக மாற்றியதும் அந்தத் தொழிற்சாலைதான்.

கண்காட்சிகளில் பெயிண்டின் பளபளப்புக்கும் குரோமியப் பூச்சுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடாமல் நிற்கும் காரில் ஆயில் சீல்கள் காய்ந்துபோகும், வீல் சிலிண்டர்களில் துரு பிடிக்கும், தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும். இவற்றில் எதுவும் வெளியில் தெரியாது. நெடும்பயணம் என்று வந்தால்தான் ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். ஆகவே ஆண்டுக்கு ஒரு நீண்ட ஓட்டமாவது இல்லாமல் பழைய காரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

14 டிசம்பர், ஞாயிறு

முன்சக்கர வேலை. ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால், முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். புதுப்பேட்டையை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் பாய்க்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது; வண்டலூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரிடம் தொழில் கற்றவர்.

இந்தக் காரின் ஸ்டியரிங் திரும்புவதெல்லாம் ஒரு மரையின் மீதுதான். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டி, அதை டிரன்னியன் என்னும் வெண்கலக் குமிழுக்குள் திருகியிருக்கிறார்கள். அந்த மரைக்குக் கிரீஸ் ஆகாது, 90 கிரேடு கியர் ஆயில்தான் போட வேண்டும் என்று தொழிற்சாலைக் கையேடே சொல்கிறது. கிரீஸ் மேலேயே உறைந்து நின்றுவிடும். அடியில் தேங்கும் தண்ணீர் எஃகை அரிக்கும். ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி விழும். வாகனத்தின் வயதுக்கு வந்த நோய் என்று பலர் நினைப்பது, உண்மையில் தவறான உயவினால் வரும் கேடு.

வலது பக்கத்தைக் கழற்றினோம். கறுத்துக் கெட்டியான கிரீஸைப் பாய் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும், கீழ் மரைகளில் செம்புள்ளிகளாகத் துரு தெரிந்தது. முன்பு வண்டியை விட்டிருந்த ஒரு சர்வீஸ் நிலையத்தில் கிரீஸை அடித்திருக்கிறார்கள். பாய் மரையின் மீது நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நகம் மாட்டுது சார். இதை நம்பி மலையில ஏத்தாதீங்க" என்றார். மாற்றுவதற்கு அவரிடமே பழைய சரக்கில் நல்ல தண்டு ஒன்று இருந்தது. இரு பக்கத்து மரைகளும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால், கையில் எடுத்தவுடன் எந்தப் பக்கத்தது என்று திருகிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேல் விளிம்பில் ஆயில் கசிந்து வரும்வரை அடித்தோம்.

21 டிசம்பர், ஞாயிறு

எரிபொருள். பழைய கார் வைத்திருப்போர் எல்லோரும் இன்று பேசுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றித்தான். 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றபோது, ஈயம் தந்த காப்பு போய்விட்டதால், எஞ்சினின் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிக்கொண்டோம். இப்போதைய சிக்கல் வேறு வகையானது. எத்தனால் அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊதவைத்து உளுத்துப்போகச் செய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது; தண்ணீர் அளவு மீறினால் அதனோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. கார்புரேட்டரைத் திறந்தபோது பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடிமூலையில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. துத்தநாகக் கலவை உலோகம் அரிக்கப்படுவதன் அடையாளம் அது.

குழாய்கள் அனைத்தையும் ஃப்ளோரோ ரப்பருக்கு மாற்றினேன், டயாஃப்ரமும் அப்படியே. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளை) அதே அளவில் இருந்தால் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை மெலிந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துப்போவதில் அது தெரிகிறது. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கியிருக்கிறேன். இனி வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது தொட்டியைக் காலியாக்கிவிட வேண்டும்.

எஞ்சினையே கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றிவிடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழாயும் டயரும் சீட் பெல்ட்டும் பாதுகாப்புக்காக மாறலாம், 948 சி.சி. எஞ்சினும் அதன் சத்தமும் இல்லாவிட்டால் அது ஹெரால்டின் கூட்டுக்குள் ஓடும் வேறொரு வண்டி.

28 டிசம்பர், ஞாயிறு

பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட்ராலிக் இணைப்பு. ஓரிடத்தில் ஒழுகினால் மிதியில் எதுவும் மிஞ்சாது. அதனால் வீல் சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட்டோம். பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றி டாட் 4 ஊற்றினோம். புதிதாக இருக்கும்போது அது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் டிரம் சூடாகும்போது இந்த வித்தியாசம்தான் உயிரைக் காக்கிறது.

4 ஜனவரி 2026, ஞாயிறு

பிளக்கில் பொறி எழுவதற்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு 0.010, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்துச் சரிபார்க்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு கிராங்க் தண்டின் முன்பின் ஆட்டத்தைப் பார்த்தோம். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்பக்கக் கப்பியில் டயல் கேஜை வைத்துப் பார்க்கும் எளிய சோதனை இது. அரைவட்ட வடிவிலுள்ள இரண்டு வாஷர்கள்தான் கிளட்சின் முழு அழுத்தத்தையும் தாங்குகின்றன. அவை தேய்ந்து கழன்று, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்துவிட்டால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். அளவு வரம்புக்குள் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது, நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும் என்று ஹெரால்டு ஓட்டப் பழகுபவர்களிடம் நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

11 ஜனவரி, ஞாயிறு

மாமல்லபுரம் வரை சோதனை ஓட்டம். குறை எதுவும் இல்லை. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் பதிவு செய்தாயிற்று. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் வந்த விதிகளின்படி 'வி.ஏ.' வரிசை எண் வாங்கலாமா என்று ஜீப் நண்பர் கேட்டார். அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பழைய கார் ஓட்டம், பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுத்துவர முடியும். காரணமே இல்லாமல் ஒரு மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றிவரும் உரிமை எனக்கு முக்கியமானது. ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

24 ஜனவரி, சனி, சேலம்

விடிவதற்கு முன்பே தாம்பரத்தைக் கடந்துவிட்டோம். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். மணிக்கு 60, 65 என்ற வேகத்தைத் தாண்டவில்லை. இந்த வேகத்தில் நான்குவழிச் சாலையின் இடது ஓரத்தை விடாமல் பிடித்திருப்பதும், கடைசி வண்டியைக் கண்ணாடியில் காணாவிட்டால் முன்னால் போகிறவர் நின்றுவிடுவதும் எங்களுக்குள் உள்ள ஒழுங்கு.

கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் உச்சி வெயிலில் பத்மினி இருமி இருமி நின்றுவிட்டது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப்பில் பெட்ரோல் சூடேறி ஆவியாகியிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் இந்தத் தொல்லை இப்போது கூடியிருக்கிறது. கைக்குட்டையைக் குடிநீரில் நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டுப் புளியமர நிழலில் காத்திருந்தோம். சற்று நேரத்தில் கிளம்பிவிட்டது. ஆத்தூர்வரை அந்த ஈரத்துணியை நனைத்து நனைத்தே ஓட்டினார் நண்பர்.

25 ஜனவரி, ஞாயிறு, மேட்டுப்பாளையம்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் காத்துவரும் தொகுப்பு அது. ஒரு வண்டியின் இயக்கமுறையை இளையவர்கள் அருகில் நின்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. மாலையில் ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், டயர்க் காற்று எல்லாம் பார்த்து வைத்தாயிற்று.

26 ஜனவரி, திங்கள், உதகை

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. பர்லியாறுவரை இரண்டாம் கியருக்கு மேல் போக வழியில்லை. ஹெரால்டின் முன்சக்கரங்கள் வேறு எந்தக் காரிலும் நான் பார்த்திராத அளவுக்குத் திரும்பும். அது வட்டமடிக்க ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டம் போதும். அரசுப் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவந்த ஒரு கொண்டை ஊசி வளைவில், உள்விளிம்பைப் பிடித்தபடி ஒரே வீச்சில் திரும்பி மேலேறியபோது அதன் அருமை முழுவதும் விளங்கியது.

அம்பாசடரின் வெப்பமானி முள் சிவப்பை நெருங்கியதும் ஓரம் கட்டினோம். எஞ்சினை உடனே அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று சூடு இன்னும் ஏறும் என்பதால், சற்று நேரம் ஓடவிட்டே நிறுத்தினார்கள். ரேடியேட்டர் மூடியை யாரும் தொடவில்லை. உயரம் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது 93 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அழுத்தம் காக்கும் மூடி மலையில் கூடுதலாக உழைக்கிறது.

உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட்டில் கலவை தடித்துப்போகிறது. எத்தனாலுக்காகப் பெரிதாக்கிய ஜெட் இங்கே அதிகப்படி ஆகிவிட்டது. ஐடிலில் எஞ்சின் தடுமாறியது. பிளக்குகள் கரி படிந்து வந்தன. பழைய ஜெட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தேன்; விடுதி வாசலில் மாற்றிப்போட்டதும் சீராக ஓடியது. சமவெளியில் மெலிந்துபோன அளவு மலைக்குச் சரியாக அமைந்துவிட்டது.

27 ஜனவரி, செவ்வாய்

கோத்தகிரி வழியாக இறங்கினோம். இறக்கத்தில்தான் ஹெரால்டை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பின்சக்கரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஊசல் அச்சில் தொங்குபவை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ வண்டியின் பின்புறம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும், வால் பக்கவாட்டில் வீசும். ஹெரால்டுக்குப் பின்வந்த கெஸல் காரில் தொழிற்சாலையினர் இதைக் கைவிட்டு, இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சுக்கு மாறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்று, இரண்டாம் கியரில் மிக இலேசாக ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே திரும்பி வெளிவந்தால், சாலையோடு ஒட்டி அழகாக வரும். அந்தப் பக்குவம் காலுக்கு வந்துவிட்டால் இந்த மலைச்சாலையில் ஓட்டுவதற்கு ஈடான மகிழ்ச்சி எனக்கு வேறொன்றில்லை.

1 பிப்ரவரி, ஞாயிறு

வண்டிகள் எல்லாம் தம் சக்கரத்திலேயே வீடு சேர்ந்தன. இன்று எஞ்சின் ஆயிலை மாற்றினேன்; பழைய ஆயிலை வடிகட்டிப் பார்த்ததில் உலோகத் துகள் இல்லை. டிரன்னியன்களுக்கு மறுபடி கியர் ஆயில் அடித்தாயிற்று. பெரிய ஜெட் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பின்பக்க டிரம்களில் பிரேக் ஷூ இடதுபுறம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகி இழுப்பதுதான் காரணம் என்று பாய் சொல்கிறார். குறுக்கே செல்லும் பின் பட்டை ஸ்பிரிங்கும் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அடுத்த வாரம் அதைக் கழற்றி ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றக் கொடுக்கப்போகிறேன். கேபிளும் அப்போதே மாறிவிடும்.