விண்டோஸ் 3.1-இல் பழைய கிளிப்பர் புரோகிராம்: டிபிஎஃப் ஃபைல் கெடாமல் ஓட்டுவது எப்படி

கிளிப்பர் சம்மர் '87-இல் (டாஸுக்கான டேட்டாபேஸ் புரோகிராம் எழுதும் கம்பைலரின் ஒரு பதிப்பு) கம்பைல் செய்த ஸ்டாக் அல்லது கணக்குப் புரோகிராம் விண்டோஸ் 3.1-க்குள் உடனே ஓடிவிடும். ஐகானைக் கிளிக் செய்தால் மெனு வரும், என்ட்ரி போடலாம். ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

386 என்ஹான்ஸ்டு மோடில் (386 அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரில் விண்டோஸ் ஓடும் முறை) ஒவ்வொரு டாஸ் புரோகிராமுக்கும் விண்டோஸ் ஒரு தனிக் கணினியைப் போலப் பாவனை செய்து கொடுக்கிறது. மெமரி தனி, திரை தனி. ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒன்றுதான். ஒரே டிபிஎஃப்-ஐ (ரெக்கார்டுகளைச் சேமிக்கும் டேபிள் ஃபைல்) இரண்டு டாஸ் விண்டோக்கள் திறந்தால், ஒவ்வொன்றும் அந்த ஃபைல் தனக்கே சொந்தம் என்று நினைத்து எழுதும். கீழே முதலில் வரும் ஷேர் செட்டிங் இதைத் தடுக்கத்தான். (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடிக்கவும்.)

முதல் வேலை ஷேர், அதாவது ஒரே ஃபைலைப் பலர் திறக்கும்போது மோதாமல் காக்கும் டாஸ் புரோகிராம். ஆட்டோஎக்செக்.பேட்-இல், விண்டோஸைத் தொடங்கும் வரிக்கு முன்னால், 'ஷேர் /எஃப்:4096 /எல்:500' என்று சேர்க்கவும். எதுவும் குறிப்பிடாவிட்டால் ஷேர் 20 லாக்குகளுக்குத்தான் (ஒருவர் மாற்றும் பகுதியை மற்றவர் தொடாதபடி போடும் பூட்டு) இடம் வைக்கும். இரண்டு பேர் பில் போட ஆரம்பித்தாலே அது போதாது. டாஸ் விண்டோவுக்குள் போய் ஷேரை ஏற்றக் கூடாது, விண்டோஸ் வருவதற்கு முன்பே அது மெமரியில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11 என்றால் இந்த வேலையை விஷேர்.386 பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது ஃபைல் எண்ணிக்கை. டாஸில் ஒரு புரோகிராமுக்கு இயல்பாகக் கிடைப்பது 20 ஹேண்டில் (திறந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் டாஸ் தரும் எண்). அதில் 5 கீபோர்டு, திரை, பிரிண்டர் போன்றவற்றுக்குப் போய்விடும், மிச்சம் 15. ஒரு டிபிஎஃப், அதன் மெமோ ஃபைல், மூன்று என்டிஎக்ஸ் (இண்டெக்ஸ் ஃபைல்) என்று எடுத்தாலே ஐந்து. மூன்று டேபிள் திறந்ததும் தீர்ந்தது. இதைக் கூட்ட, 'செட் கிளிப்பர்=எஃப்051' என்று சொல்ல வேண்டும்; டாஸ் 3.3 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. கூடவே கான்ஃபிக்.சிஸ்-இல் ஃபைல்ஸ் எண்ணையும் உயர்த்த வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சிஸ்டம்.இனி-யில் உள்ள பெர்விஎம்ஃபைல்ஸ் ஒவ்வொரு டாஸ் விண்டோவுக்கும் தனியாக 10 ஹேண்டில் தரும் என்று படித்துவிட்டு அதை நம்பி இருந்துவிடுகிறார்கள். ஷேர் ஏற்றியிருந்தால் அந்த எண் பூஜ்யமாகிவிடும்! எல்லா விண்டோக்களும் கான்ஃபிக்.சிஸ் தரும் எண்ணையே பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே இரண்டு விண்டோ திறக்கும் கணினியில் ஃபைல்ஸ்=120 வைக்கவும். 255-க்கு மேல் போக முடியாது.

'செட் கிளிப்பர்' வரியை ஒரு பேட் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) போட்டு, அடுத்த வரியில் புரோகிராமின் பெயரைக் கொடுத்து, பிஃப் எடிட்டரில் (டாஸ் புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பிஃப் ஃபைலை அமைக்கும் கருவி) அந்த பேட் ஃபைலைக் காட்டுவது நல்லது. என்விரான்மென்ட் இடம் போதவில்லை என்று டாஸ் சொன்னால், சிஸ்டம்.இனி-யின் நான்விண்டோஸ்ஆப் பகுதியில் கமாண்ட்என்வ்சைஸ்=512 சேர்க்கவும்.

இனி பிஃப். வீடியோ மெமரிக்கு டெக்ஸ்ட், டிஸ்ப்ளேவுக்கு ஃபுல் ஸ்க்ரீன். மெமரியில் விரும்பும் அளவு 640. எக்ஸ்எம்எஸ் (எக்ஸ்டெண்டட் மெமரி) இரண்டு கட்டத்திலும் 0. இஎம்எஸ் (எக்ஸ்பாண்டட் மெமரி) கொடுப்பதானால் உச்ச வரம்பு 1024. -1 என்று போட்டால் வரம்பே இல்லாமல் போய், மற்ற புரோகிராம்களுக்கு மெமரி மிஞ்சாது.

பேக்கிரவுண்ட் என்ற கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யவும். டிக் இல்லாவிட்டால், பயனர் ஆல்ட்+டேப் அடித்து வேறு விண்டோவுக்குப் போன நொடியில் கிளிப்பர் புரோகிராம் உறைந்து நின்றுவிடும். அப்போது அது ஒரு ரெக்கார்டை லாக் செய்து வைத்திருந்தால் லாக் அப்படியே இருக்கும். நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்கள், அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நெட்வொர்க் மந்தம் என்று கேபிளைச் சோதிப்பதற்கு முன் இந்த ஒரு டிக்கைப் பாருங்கள்.

ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மறுபடி உருவாக்குவது) வழக்கத்தைவிட நேரம் எடுத்தால், அட்வான்ஸ்டு பகுதியில் டிடெக்ட் ஐடில் டைமை நீக்கவும். எஸ்கேப் அழுத்தப்பட்டதா என்று புரோகிராம் கீபோர்டை அடிக்கடி பார்க்கும். அது சும்மா இருக்கிறது என்று விண்டோஸ் தப்பாக எண்ணி, நேரத்தை மற்றவற்றுக்குக் கொடுத்துவிடும்.

அதே பக்கத்தில் அலவ் குளோஸ் வென் ஆக்டிவ் என்று ஒன்று இருக்கும். டேட்டாபேஸ் புரோகிராமுக்கு அதை ஒருபோதும் டிக் செய்யக் கூடாது. டிக் செய்தால், புரோகிராம் திறந்திருக்கும்போதே விண்டோஸை மூட முடியும். ஆனால் ஃபைலின் புதிய அளவை டாஸ் டைரக்டரியில் பதிவது பெரும்பாலும் ஃபைல் முறையாக மூடப்படும்போதுதான். நடுவில் கொன்றால், எழுதிய ரெக்கார்டுகள் டிஸ்க்கில் இருந்தும் கணக்கில் வராமல் போகும். மின்வெட்டிலும் நடப்பது இதுவே. அதனால் டிஸ்க் கேஷ் புரோகிராமுக்கு 'ஸ்மார்ட்டிஆர்வி சி' என்று கொடுத்து, சி டிரைவுக்குப் படிக்கும் கேஷ் மட்டும் வைத்துக்கொள்ளவும், எழுதுவது கேஷில் தேங்கக் கூடாது. வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

ஃபைல் சேதமா என்று சந்தேகம் வந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் டிபிஎஃப்-ஐத் திறக்கவும். பைட்டுகளை 0-இலிருந்து எண்ணினால், 4 முதல் 7 வரை ரெக்கார்டு எண்ணிக்கை, 8-9 ஹெடரின் நீளம், 10-11 ஒரு ரெக்கார்டின் நீளம். எல்லாமே சிறிய பைட் முதலில். எண்ணிக்கையை ரெக்கார்டு நீளத்தால் பெருக்கி ஹெடர் நீளத்தைக் கூட்டினால் ஃபைல் அளவு வர வேண்டும், கடைசியில் முடிவுக் குறிக்காக ஒரு பைட் கூடலாம். ஒத்துவராவிட்டால் முதலில் ஃபைலை நகல் எடுங்கள். செக்டிஸ்க் /எஃப் தேவையென்றால் விண்டோஸை விட்டு வெளியே வந்து டாஸில் மட்டும் ஓட்டவும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, இரண்டு டாஸ் விண்டோக்களில் ஒரே டேபிளை ஷேர்டு முறையில் திறந்து, முதலாவதில் ஒரு ரெக்கார்டை லாக் செய்யவும். இரண்டாவதில் அதே ரெக்கார்டுக்கு ஆர்லாக் (ரெக்கார்டை லாக் செய்ய முயலும் கிளிப்பர் ஃபங்ஷன்) 'இல்லை' என்று திரும்ப வேண்டும். முதலாவதில் விடுவித்ததும் 'ஆம்' வர வேண்டும். வேறெப்படி நடந்தாலும் ஷேர் வரிக்குத் திரும்பிப் போங்கள்.