உரியவர் இல்லாத பாக்கெட்டுகள்: ஒரு கெர்னல் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

சோதனைக்காக வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரில், பெறும் பக்கத்தில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் (நெட்வொர்க்கில் தரவு பயணிக்கும் சிறு பொதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. வேகமாக அன்று, இரண்டு நொடிக்கு ஒன்று, மணிக்கு ஏறத்தாழ 1800. சர்வரில் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வேகம் மாறவில்லை. நெரிசலால் நேரும் இழப்பு அலை அலையாக வரும். கடிகாரம் போலச் சீராக வராது. அதனால்தான் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வழக்கமான இடங்களைப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டு தானே வைத்திருக்கும் பிழைக் கணக்குகள் அனைத்தும் பூஜ்யம். கார்டிலிருந்து பாக்கெட்டுகளை அள்ளியெடுக்கும் மென்குறுக்கீடு (இயங்குதளத்தின் மையமான கெர்னல் சற்றுத் தள்ளிச் செய்யும் வேலை), இயல்பமைப்பில் ஒரு முறைக்கு ஒரு கார்டிலிருந்து 64 வரையும், ஒரு சுற்றில் மொத்தம் 300 வரையும் எடுக்கும். அந்த வரம்பு போதாமல் சுற்று பாதியில் நின்றிருந்தால் கெர்னல் இந்தக் கணக்கைக் காட்டும் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் மூன்றாம் நெடுவரிசையில் தெரிந்திருக்கும். அதுவும் பூஜ்யம். ஆக, பாக்கெட் கெர்னலுக்குள் நலமாக வந்து சேர்கிறது. உள்ளே வந்த பிறகே கைவிடப்படுகிறது.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

எந்தப் பாக்கெட் கைவிடப்படுகிறது என்று பார்க்க, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டேன். ஓடவிட்ட நொடியில் எண்ணிக்கை நின்றுவிட்டது. நிறுத்தினேன், மீண்டும் ஏறத் தொடங்கியது. பத்து முறை செய்து பார்த்தும் பத்து முறையும் இதே கதைதான்.

கார்டு எல்லாப் பாக்கெட்டையும் ஏற்கும் நிலைக்கு மாறுவதுதான் காரணமோ என்ற ஐயத்தில், அந்த நிலைக்கு மாறாதபடி ஓடவிட்டேன், அப்போதும் நின்றது. பிறகு 53ஆம் போர்ட்டின் யுடிபி பாக்கெட்டை மட்டும் காட்டும்படி வடிகட்டி போட்டேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை, எண்ணிக்கையோ நின்றுதான் இருந்தது. டிசிபிடம்ப் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பாக்கெட்டுகூடக் கைவிடப்பட்ட கணக்கில் சேரவில்லை என்பது இன்று கிடைத்த நல்ல தடயம். இதற்கான விடை, வந்த பாக்கெட்டை இன்னாரிடம் ஒப்படைப்பது என்று கெர்னல் முடிவுசெய்யும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 6, வியாழன்

நேற்றும் இன்றும் கெர்னல் மூலநிரலில்தான் கழிந்தன. புரிந்ததை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஈதர்நெட் தலைப்பு 14 பைட் நீளம் கொண்டது: சேருமிட முகவரிக்கு 6, அனுப்புநர் முகவரிக்கு 6, கடைசி 2 பைட்டுகள் உள்ளே இருப்பது எந்த நெறிமுறை என்பதைச் சொல்பவை. பதினறும முறையில் 0800 என்றால் ஐபி நான்காம் பதிப்பு, 0806 என்றால் ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய கார்டு முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை), 86டிடி என்றால் ஐபி ஆறாம் பதிப்பு. தசமத்தில் 1536க்குக் குறைந்த எண் அந்த இடத்தில் இருந்தால் அது நெறிமுறை வகை அன்று; பழைய முறைப்படி நீளத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படும். கார்டை இயக்கும் நிரலான டிரைவர் இந்த எண்ணைப் படித்துப் பாக்கெட்டின் மேல் குறித்துவைத்துவிட்டு, தலைப்பைக் கடந்து உள்ளடக்கத்தின் தொடக்கத்திற்குச் சுட்டியை நகர்த்தி, மேலே அனுப்பிவிடுகிறது.

மேலே காத்திருப்பது 16 அறைகள் கொண்ட ஒரு ஹாஷ் அட்டவணை, அதாவது எண்ணைக் கொண்டே அறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். வகை எண்ணின் கடைசி நான்கு பிட்டுகளே அறை எண். ஆகவே 0800 பூஜ்யமாம் அறைக்கும், 0806 ஆறாம் அறைக்கும், 86டிடி பதின்மூன்றாம் அறைக்கும் போகின்றன. ஒவ்வோர் அறையிலும் கையாளிகளின், அதாவது பாக்கெட்டைப் பெறப் பதிவு செய்துகொண்ட நிரல்களின், சங்கிலி ஒன்று உண்டு. அதில் ஒவ்வொன்றின் முழு வகை எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்துபவற்றின் செயற்கூற்றை மட்டும் கெர்னல் அழைக்கும். ஐபி_ஆர்சிவி, ஏஆர்பி_ஆர்சிவி ஆகியவை இப்படிப் பதிவு செய்துகொண்டவைதான். பதிவு செய்தவர்களின் பட்டியலை ப்ராக் கோப்பகத்தின் நெட் பகுதியிலுள்ள பிடைப் என்ற கோப்பில் யாரும் படிக்கலாம். டிசிபிடம்ப் ஓடும்போது அந்தப் பட்டியலின் தலைப்பகுதியில் வகை எண்ணுக்குப் பதிலாக ‘ஆல்’ என்ற சொல்லுடனும் டிபாக்கெட்_ஆர்சிவி என்ற பெயருடனும் ஒரு வரி புதிதாக முளைக்கிறது. எல்லா வகையையும் கேட்பவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஹாஷ் அட்டவணைக்கு முன்பே அதற்குத்தான் முறை.

இனிதான் நான் தேடிய இடம். ஒரே பாக்கெட்டைப் பலர் கேட்கலாம் என்பதால், ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது பாக்கெட்டின் பயனர் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும். பெரும்பாலான பாக்கெட்டுகளுக்கோ கேட்பவர் ஒருவரே. அவருக்காகக் கூட்டிப் பிறகு கழிப்பது வீண் வேலை. எனவே கெர்னல் ஒருவரைக் கண்டதும் உடனே கொடுத்துவிடாமல் அவரை நினைவில் மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் தென்பட்டால், எண்ணிக்கையைக் கூட்டி முந்தியவருக்குக் கொடுத்துவிட்டுப் புதியவரை நினைவில் கொள்கிறது. எல்லாப் பட்டியல்களும் முடிந்ததும் கடைசியாக நினைவில் நிற்பவருக்குப் பாக்கெட் கூட்டல் இன்றி அப்படியே உரிமையாகிறது. நினைவில் எவருமே இல்லாவிட்டால், அப்போதுதான் ‘கைவிடப்பட்டது’ என்று கணக்கில் ஏறுகிறது.

டிசிபிடம்ப் ஓடும்போது நினைவில் குறைந்தது ஒருவர் இருந்தே தீருவார். அவர் வடிகட்டியைப் போட்டுப் பாக்கெட்டை எறிந்துவிடுவது, ஒப்படைப்பு முடிந்த பிறகு நடக்கும் அவருடைய சொந்த விவகாரம். திரை வெறுமையாக இருந்தும் எண்ணிக்கை நின்றது இதனால்தான். எத்தனை அழகான சிக்கனம் இது! ஒரு கூட்டலைத் தவிர்க்க எழுதிய வழியே உரியவர் உண்டா இல்லையா என்ற கேள்விக்கும் விடை சொல்கிறது.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

வடிகட்டி இல்லாமல் பார்த்ததில் ஆள் அகப்பட்டது: வகை எண் 8899, எல்லோருக்குமான ஒலிபரப்பு முகவரி, இரண்டு நொடிக்கு ஒன்று. கேபிள் எங்காவது வளையமாகிவிட்டதா என்று அறிய சுவிட்ச் அனுப்பும் ஃபிரேம் இது. ஒலிபரப்பு என்பதால் கார்டு ஏற்றே ஆக வேண்டும். ஒன்பதாம் அறைக்குப் போனால் அங்கே கேட்பார் இல்லை. டிசிபிடம்ப்பை நிறுத்திவிட்டு, பாக்கெட் விடுவிக்கப்படும் இடத்திலுள்ள தடங்காண் புள்ளியை (நிகழ்வையும் அதன் காரணத்தையும் பதிவு செய்யும் இடம்) இயக்கினேன். கையாளப்படாத நெறிமுறை என்ற காரணம் ஒவ்வொரு வரியிலும் வந்தது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

படித்ததைக் கையால் செய்து பார்க்காமல் எனக்கு நிறைவு வருவதில்லை. ஒரு மெய்நிகர் இயந்திரத்தில், 8899 வகைக்குக் கையாளியாகத் தன்னைப் பதிவு செய்யும் சிறிய கெர்னல் தொகுதி (ஓடும் கெர்னலில் ஏற்றவும் அகற்றவும் கூடிய நிரல்) ஒன்றை எழுதினேன். ஏற்றியதும் பிடைப் கோப்பில் என் செயற்கூற்றின் பெயர் வந்தது. கைவிடப்பட்ட எண்ணிக்கையும் நின்றது. மகிழ்ச்சியோடு அப்படியே விட்டு வைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து கெர்னல் தன் தேவைக்கு ஒதுக்கிக்கொள்ளும் ஸ்லாப் நினைவகத்தின் கணக்கைப் பார்த்தபோது, பாக்கெட் தலைப்புகளுக்கான பகுதி ஓயாமல் வளர்ந்துகொண்டிருந்தது. தவறு என்னுடையது. கையாளி பாக்கெட்டைப் பெற்றுக்கொண்ட பிறகு அதை விடுவிப்பது கையாளியின் பொறுப்பு. நானோ எண்ணிவிட்டு வெறுமனே திரும்பியிருந்தேன். விடுவிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் வளர்ச்சி நின்றது.

தொகுதியை அகற்றும் வழியிலும் நுணுக்கம் உண்டு. சங்கிலியைப் படிக்கும் பிராசசர்கள் பூட்டு எதையும் எடுப்பதில்லை. ஆர்சியூ முறையில், அதாவது படிப்பவர் முடிக்கும் வரை பழையதை அழிக்காத முறையில், படித்துக்கொண்டே போகின்றன. ஆகையால், பதிவை நீக்கும் செயற்கூறு சங்கிலியிலிருந்து என் பெயரைக் கழற்றிய பிறகும், என் நிரலுக்குள் அந்த நேரத்தில் இருக்கக்கூடிய எல்லாப் பிராசசர்களும் வெளியேறும் வரை காத்திருந்தே திரும்புகிறது. அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் காலடியிலிருந்தே நினைவகம் பறிக்கப்படும்.

2025 பிப்ரவரி 12, புதன்

ஒரு படி மேலே, ஐபி அடுக்கில் இதே கேள்விக்கு விடை எப்படி என்று பார்த்தேன். அங்கே நெறிமுறை எண் ஒரே பைட். ஆகவே ஹாஷ் தேவையில்லை, 256 இடங்கள் கொண்ட நேர் அணி போதும். 1இல் ஐசிஎம்பி (பிழை, நிலைச் செய்திகளுக்கான நெறிமுறை), 6இல் டிசிபி, 17இல் யுடிபி. ஈதர்நெட் அடுக்கில் ஒரு வகைக்குப் பலர் பதியலாம். இங்கே ஓர் எண்ணுக்கு ஒருவர்தான். இடம் காலியாக இருந்தால் மட்டுமே பதிவு நிறைவேறும். ஏற்கெனவே ஆள் இருந்தால் பிழையோடு திரும்பும்.

உரியவர் இல்லாதபோது நடப்பதும் வேறு. சோதனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 253ஆம் எண்ணில் வேறோர் இயந்திரத்திலிருந்து பாக்கெட் அனுப்பினேன். கெர்னல் மௌனமாக எறியவில்லை. ‘இந்த நெறிமுறையை இங்கே அடைய இயலாது’ என்ற ஐசிஎம்பி பதிலை, வகை 3, குறி 2 என்று அனுப்பியது. அறியாத நெறிமுறைகளின் கணக்கும் ஒன்று ஏறியது. ஈதர்நெட் அடுக்கில் இப்படி மறுமொழி சொல்ல வழியே இல்லை.

பிறகு 253க்கு, ஐபி பாக்கெட்டுகளைப் பயனர் நிரல் நேரடியாகப் பெற உதவும் ரா சாக்கெட் ஒன்றைத் திறந்து வைத்து மீண்டும் அனுப்பினேன். எண்ணியபடியே ஐசிஎம்பி பதில் நின்றது, கணக்கும் ஏறவில்லை. பாக்கெட் ஒப்படைக்கப்பட்டதாகவே பதிவாயிற்று. டிசிபிடம்ப் கீழே செய்ததை ரா சாக்கெட் மேலே செய்கிறது.

சுவிட்ச்சின் வளையம் கண்டறியும் வசதியை நான் நிறுத்தப்போவதில்லை, அது தேவையானது. எச்சரிக்கை மணியை மட்டும் மாற்றிவிட்டேன்: மொத்தக் கைவிடல் எண்ணிக்கைக்குப் பதிலாக, தடங்காண் புள்ளி சொல்லும் காரணத்தைப் பிரித்து, கையாளப்படாத நெறிமுறையைத் தவிர்த்த மற்றவற்றுக்கே இனி மணி அடிக்கும்.