ஐந்து ஏக்கர் செம்பனை, 288 பங்கு

தாத்தா நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற மூன்று முறை பிச்சாரா (வாரிசு விசாரணை). அதில் இரண்டு ஒத்திவைப்பு. இரண்டுக்கும் காரணம் நாங்கள் கொடுத்த தாள்தான். வேறு யார் மேலும் பழிபோட முடியவில்லை என்பதே இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தாத்தா பெயரில் நிலத்தை அப்படியே விட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டப்பட்டணத்தில் ஏராளம். அவர்களுக்காக இது.

முதலில் வரி. 2024 நவம்பரில் லண்டன் தெருவில் விவசாயிகள் டிராக்டரோடு திரண்ட செய்தி வந்த நாளிலிருந்து, "நமக்கும் சாவு வரி உண்டா?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. அங்கே 10 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட விவசாயச் சொத்துக்கு 20% என்று அறிவித்தார்கள், பிறகு அந்த வரம்பை உயர்த்தினார்கள். மலேசியாவில் மரணச் சொத்து வரியை 1991 நவம்பர் 1ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். ஒரு காசு கிடையாது. வரி இல்லை, அதனால் அவசரம் இல்லை என்று நினைத்ததுதான் எங்கள் குடும்பம் செய்த தப்பு. இங்கே தாமதத்துக்குத்தான் விலை.

எங்கள் கோப்பு இது. 5 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), உயில் இல்லை. தாத்தா 1998ல் போனார், இரண்டாவது மகனான என் சித்தப்பா 2003ல், பாட்டி 2009ல். உயில் இல்லாமல் நிலத்தை விட்டுப் போனவரின் சொத்து மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் உயர் நீதிமன்றமும் வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம். 1955ஆம் ஆண்டின் சிறுசொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி சிறுசொத்துப் பிரிவிலேயே மனுப் போடலாம். முன்பு வரம்பு 20 லட்சம். 2024 ஜூலை 15 முதல் 50 லட்சம். பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டு வழக்கறிஞருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நிலம் இரண்டு மாவட்டங்களில் இருந்தால், எந்த மாவட்டத்து நிலத்துக்கு மதிப்பு அதிகமோ அங்கேதான் மனு. எங்களுக்கு ஒரே நிலம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

போராங் ஏ, அதாவது மனுப் படிவம், நிரப்புவது சுலபம். ஒட்டும் தாள்கள்தான் ஆளைக் கொல்லும். கவுண்டரில் இருந்த கிராணி (எழுத்தர்) ஒரு தடவைக்கு ஒரு குறைதான் சொல்வார். முதல் முறை மரணப் பத்திரத்தின் நகலில் அத்தாட்சி இல்லை. இரண்டாம் முறை நில வரி ரசீது பழசு. மூன்றாம் முறை பெயர். இதற்கு ஒரே மருந்து, முதல் நாளே சரிபார்ப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, "இதில் எது எது குறைகிறது, எல்லாவற்றையும் இப்போதே குறித்துக் கொடுங்கள்" என்று அவர் பேனாவாலேயே குறிக்கச் சொல்வது. நான்காம் முறைதான் எங்களுக்கு அந்தப் புத்தி வந்தது.

பெயர் என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பழைய கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) அடையாள அட்டை எண் இருக்காது. ஆங்கிலத்தில் முனியாண்டியை ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். மரணப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். மூன்று தாளிலும் இருப்பவர் ஒரே மனிதர்தான் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாணம் எழுதி, பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே பிரமாணத்தில் அடக்குங்கள். நாங்கள் இரண்டை மட்டும் எழுதி, மூன்றாவதற்காக மறுபடி போனோம். கிராண்டே தொலைந்திருந்தால் இன்னும் நீளம்: பொலீஸ் புகார், பிரமாணம், அரசிதழ் அறிவிப்பு, பிறகுதான் மாற்றுப் பத்திரம்.

கிராண்ட் எங்கே பதிவானது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஊர்ப்புறத்தில் 4 ஹெக்டருக்கு உட்பட்ட நிலம் பெரும்பாலும் கிராண்ட் முக்கிம். அது மாவட்ட நில அலுவலகப் பதிவு. எங்களுடையது 2 ஹெக்டர் சொச்சம்தான், ஆனால் 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது பிரிந்து வந்தது. அதனால் மாநிலப் பதிவகத்துக் கிராண்ட், பதிவு ஈப்போவில். பத்திரத்தின் தலைப்பைப் படிக்காமல் மாவட்ட அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்றோம். (அந்தத் துண்டாடல் காலத்தில்தான், 1960ல், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வாங்கி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேராமல் தனியாகத் துண்டு வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று இந்த வரிசையில் நிற்கிறார்கள்.)

இனி முதல் ஒத்திவைப்பு. ஜொகூரில் இருக்கும் அத்தையால் வர முடியவில்லை. வர முடியாத வாரிசு சம்மதம் தெரிவிக்க போராங் டிடிஏ இருக்கிறது. அவர் வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். செல்லாது. யார் முன்னிலையில் கையெழுத்து இட வேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. பெசுருஜாயா சும்பாவிடம் போனால் பத்து நிமிட வேலை. அசல் தாள் பிச்சாரா நாளில் கையில் இருக்க வேண்டும். "சம்மதம்" என்று மட்டும் எழுதினாலும் போதாது, எந்தப் பங்கை யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஒத்திவைப்புதான் உண்மையான பாடம். 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தில் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்கு 1/4, பிள்ளைகளுக்கு 1/2, பெற்றோருக்கு 1/4. ஆக, யார் முதலில் இறந்தார் என்பதுதான் முழுக் கணக்கும். நாங்கள் பாட்டியின் இறப்பை மகனுக்கு முன்னால் நடந்ததாக எழுதிவிட்டோம். அப்படிப் பார்த்தால் தாத்தாவின் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு, சித்தப்பாவின் மனைவிக்கு 1/12.

உண்மை வரிசையில் போட்டால் இப்படி. தாத்தாவின் நிலத்தில் பாட்டிக்கு 1/3, பிள்ளைகள் நால்வருக்கும் 1/6 வீதம். 2003ல் சித்தப்பா போகும்போது பாட்டி இருந்தார். ஆகவே அந்த 1/6ல் கால் பங்கு, அதாவது 1/24, மனைவிக்கு. இன்னொரு 1/24 பாட்டிக்கே திரும்பிப் போகிறது. மீதி 1/12 மூன்று பிள்ளைகளுக்கு. பாட்டி கையில் இப்போது 1/3 கூட்டல் 1/24, மொத்தம் 3/8. 2009ல் அது நான்கு கிளைகளுக்கு 3/32 வீதம் இறங்குகிறது. சித்தப்பாவின் கிளைக்கு உரியது அவர் பிள்ளைகளுக்கு வரும், மருமகளுக்கு வராது. முடிவில் உயிரோடு இருக்கும் மூவருக்கும் 25/96 வீதம், சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 17/288, மனைவிக்கு 1/24. தேதி இடம் மாறியதில் அந்த அம்மாளின் பங்கே பாதிக்குப் பாதி பிசகியிருந்தது. அதிகாரி மரணப் பத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்து இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தார். எங்களுக்கு அடுத்த தேதி.

ஆகவே போராங் ஏ எழுதும் முன் ஒரு தாளில் இறந்தவர்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொருவர் இறந்த அன்றும் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒவ்வொரு இறப்புக்கும் தனித்தனி மனுக் கேட்டார்கள். 1997ல் சட்டத்தின் விகிதங்கள் திருத்தப்பட்டன. அதற்கு முன் இறந்தவருக்கு அன்றைய சட்டமே பொருந்தும், இன்றைய அட்டவணையைப் போட்டு ஏமாறாதீர்கள்.

கல்யாணம் இன்னொரு கண்ணி. 1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணம் பதிவில்லாமலும் செல்லும், சாட்சியோடு பிரமாணம் எழுதினால் போதும். அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்களின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பங்கீட்டில் பொதுவாக இடமில்லை. வளர்ப்புப் பிள்ளைக்கு முறையான தத்து உத்தரவு வேண்டும். "எல்லாருக்கும் தெரியும்" என்பது பிச்சாராவில் ஆதாரம் ஆகாது. பழைய காலத்தில் இரண்டு வீடு வைத்திருந்த தாத்தாவாக இருந்தால், இரண்டு மனைவியரும் மனைவிப் பங்கைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். பிச்சாரா அன்றுதான் இந்த விஷயம் குடும்பத்துக்குத் தெரியவந்தால், அன்றைய நாள் போச்சு.

மூன்றாவது பிச்சாராவில் இன்னொரு சுவர். விவசாய நிலத்தில் ஒருவர் பங்கு 0.4 ஹெக்டருக்குக் கீழே போகக் கூடாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 205ஆம் பிரிவைக் காட்டினார்கள். சித்தப்பா பிள்ளைகளுக்கு ஆளுக்குச் சுமார் 0.12 ஹெக்டர்தான். நிலத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அப்போதுதான் கூட்டிப் பார்த்தோம். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்தால் 21/96, அதாவது 1.09 ஏக்கர், 0.44 ஹெக்டர். தப்பித்தது! மூன்று பிள்ளைகளும் அம்மா பெயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஏழு பெயர் நான்கானது. ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுப்பதற்கு 2024 தொடக்கத்திலிருந்து முத்திரை வரி 10 ரிங்கிட்தான். உங்கள் குடும்பத்திலும் கிளை கிளையாகக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே போய்க் கால்குலேட்டரைத் தட்டினால் பதற்றத்தில் தப்பாகத்தான் வரும்.

இந்த இழுபறி நடக்கும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனிக்காக ஒரு தரகர் வந்துகொண்டே இருந்தார். "பெயர் மாறும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள், அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், முன்பணம் தருகிறேன்" என்பார். கையெழுத்துப் போடாதீர்கள். பங்கீட்டு உத்தரவு வரும்வரை விற்கும் அதிகாரம் எந்த வாரிசுக்கும் கிடையாது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த அதிகாரமும் பொதுவாக அவரோடு போய்விடும். 40 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலம் கைமாற, 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஐந்து ஏக்கருக்கு அந்தக் காவல் இல்லை, பத்திரத்தில் தனிக் கட்டுப்பாடு எதுவும் எழுதியிருந்தாலொழிய. கம்பெனிக்கு மரணப் பத்திரம் எடுக்கும் வேலை கிடையாது. நம் குடும்பத்தில் அடுத்த சாவு விழும்வரை அவர்களால் காத்திருக்க முடியும்.

"நாமே ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) தொடங்கி நிலத்தை அதில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை" என்று ஒரு யோசனையும் வந்தது. கணக்குப் போட்டதும் கைவிட்டோம். நிலம் 5 லட்சம் ரிங்கிட் என்று வைத்தால், கம்பெனிக்கு மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 1%, அடுத்த 4 லட்சத்துக்கு 2%, ஆக 9,000 ரிங்கிட். பின்னால் விற்றால், நிலச் சொத்து இலாப வரி குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை, கம்பெனிக்கு அப்போதும் 10%. இதோடு செயலாளர் கட்டணமும் கணக்கு வேலைச் செலவும் ஆண்டுதோறும். ஐந்து ஏக்கர் குலை அதைத் தாங்காது.

உத்தரவு கையில் கிடைத்த நாளில் எல்லாம் முடிந்தது என்று பிரியாணி சாப்பிடப் போய்விடாதீர்கள். உத்தரவை அசல் கிராண்டோடு பதிவகத்தில் கொடுத்துப் பெயரைப் பதிந்தால்தான் பத்திரம் மாறும். அந்த உத்தரவான போராங் இ-யை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அடுத்த சாவில் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பதிவு முடிந்த அன்றே, அதே கட்டடத்தில், நில வரிக் கணக்கின் முகவரியை மாற்றுங்கள். எங்கள் பழைய முகவரி இடித்துத் தள்ளிப் பத்து வருடமான ஒரு தோட்ட லயன் வீடு. வரி பாக்கி விழுந்தால் 6ஏ நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான் போகும். மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் நிலமே அரசுக்குப் போகலாம், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு செம்பனை வாரிய உரிமம். அது இறந்தவர் பெயரில் இருக்கும்வரை குலை வாங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்பார்கள். புதுக் கிராண்டின் நகலோடு மனுக் கொடுங்கள். எங்களுக்கு அது ஒரே பயணத்தில் முடிந்தது, முழு விவகாரத்திலும் அந்த ஒன்று மட்டும்.