ராமேஸ்வரம்: ஒருவரை இழந்த பின் தீர்த்தமாடப் போகிறவர்களுக்கு

ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடற்கரையில் நிற்கவே இடம் இருக்காது. தர்ப்பணம் அவசரகதியில் முடிந்துவிடும். துக்கம் ஆறாத மனசு அதைத் தாங்காது. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் போய்ச் சேருங்கள். வருஷத் திதி முடியும் முன் தீர்த்த யாத்திரை கூடாது என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

யாருக்காகச் செய்கிறோம் என்று சொல்லித் தொடங்கும் சங்கல்பத்தில் பலரும் தடுமாறுவது பெயர்களில்தான். மறைந்தவரின் பெயர், திதி, கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அழுகை முட்டும்போது தாத்தாவின் அப்பா பெயர் நினைவுக்கு வராது. புரோகிதரிடம் தட்சிணையை உட்காரும் முன்பே பேசிவிடுவது நல்லது.

கடலில் முழுகிய பின்தான் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலானவை கிணறுகள். கயிறு கட்டிய வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். வரிசையாக 22 இடங்களில் நனைவதால் வயதானவர்களுக்கு நடுக்கம் எடுக்கும். முடியாதவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். கல் தரை முழுக்க ஈரம். பலர் வழுக்கி விழுவது இரண்டு தீர்த்தங்களுக்கு நடுவே வேகமாக நடக்கும்போதுதான். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. ஈரத் துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், அதனால் மாற்றுத்துணிப் பையைக் குளிக்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இனி தரிசனம். சிவபூஜைக்கு லிங்கம் கொண்டுவரக் கைலாயம் போன அனுமன் திரும்பத் தாமதமானதால், சீதை மணலில் பிடித்து வைத்ததே ராமநாதர் என்பது தலவரலாறு. பிந்தி வந்த லிங்கத்தை ராமர் ஒதுக்கவில்லை. அந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று வைத்தார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று மருகுகிறவர்கள் அந்தச் சந்நிதியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நில்லுங்கள்.

"ஏன் கொண்டுபோனாய்" என்ற கேள்வி தானாகவே வரும், வரட்டும். அதோடு, அடுத்த ஒரே ஒரு காரியத்துக்கும் வழி கேளுங்கள்: பிள்ளையின் படிப்போ, வீட்டுக் கடனோ, இன்று இரவு தூங்குவதோ. கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். ஏதாவது ஒன்றின் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, கோடி தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.