மூன்று பேர் வராவிட்டால் அவை இல்லை

போஸ்னியா தொடர்பான வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் சட்ட வரைவைத்தான் கையில் எடுப்பார்கள். வரைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் எண்ண வேண்டியது தலைகளை.

1995 டேட்டன் ஒப்பந்தத்தின் 4ஆம் இணைப்புதான் அந்நாட்டின் அரசியலமைப்பு. போரை நிறுத்துவதற்காக எழுதியது. நாட்டுக்குள் இரண்டு பகுதிகள், நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் அவையில் 42 பேர்: கூட்டமைப்பு என்ற பகுதிக்கு 28, ஸ்ர்ப்ஸ்கா குடியரசு என்ற பகுதிக்கு 14. பெரும்பான்மை கிடைத்தாலும், இரண்டில் ஒரு பகுதியின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் மசோதா விழும். ஸ்ர்ப்ஸ்கா பக்கத்தில் அதற்கு 10 பேர் போதும். மக்கள் அவையில் தடுப்பது இன்னும் சுலபம். போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்கள்), குரோஷியர், செர்பியர் தலா 5 பேர். அவை கூடுவதற்கு 9 பேர் வேண்டும், அதில் ஒவ்வொரு தரப்பிலும் குறைந்தது 3 பேர். ஒரு தரப்பில் 3 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டால் கூட்டமே இல்லை, எதிர்த்து ஓட்டுப் போட்ட பழியும் இல்லை. அறிக்கையில் 'அரசியல் உறுதி இல்லை' என்று எழுதுவது சோம்பேறித்தனம். எந்த நாளில் யார் வரவில்லை, அன்றைய நிகழ்ச்சி நிரலில் என்ன இருந்தது என்று எழுதினால்தான் பயன்.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்டத்தான் 1997இல் பான் நகரில், சட்டம் போடவும் அதிகாரிகளை நீக்கவும் உயர் பிரதிநிதிக்கு, அதாவது ஒப்பந்தம் நடைமுறையாவதைக் கவனிக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு, அதிகாரம் கொடுத்தார்கள். பலனோடு கெடுதலும் வந்தது: கசப்பான முடிவை வெளிநாட்டவர் தலையில் கட்டிவிட்டு, மறுநாள் அவரையே திட்டலாம் என்று கட்சிகள் கற்றுக்கொண்டன. 2022 அக்டோபர் 2 அன்று வாக்குப்பதிவு முடிந்த கையோடு, அப்போது உயர் பிரதிநிதியாக இருந்த கிறிஸ்டியன் ஷ்மிட் தேர்தல் சட்டத்தையே திருத்தினார். உள்ளடக்கம் எப்படியோ, அந்த நேரத்தை நியாயப்படுத்துவது கடினம்.

அவரது 2024 மார்ச் உத்தரவு வேறு ரகம். அதுவரை வாக்குச்சாவடிக் குழு இடங்கள் குலுக்கலில் கட்சிகளுக்குப் போகும். பேருக்கு மட்டும் போட்டியிடும் சிறு கட்சிகள் தங்கள் இடத்தைப் பெரிய கட்சிக்குக் கைமாற்றிவிடும். தாளில் ஐந்து கட்சி, மேசையில் ஒரே கட்சி. அப்புறம் எண்ணிக்கையை யார் கேட்பது? கண்காணிப்பவர் செய்ய வேண்டியது, கடைசி நேரத்தில் மாற்றப்பட்ட பெயர்களைப் பார்ப்பது. அப்படி வந்தவரிடம் அவர் கட்சியின் வேட்பாளர் யார் என்று கேட்டால் பல நேரம் விஷயம் வெளியே வந்துவிடும். புதிய விதிப்படி குழுத் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்தல் ஆணையமே நியமிக்கிறது.

நிபந்தனை வைப்பதிலும் கணக்கு உண்டு. ரோமா, யூதர் போன்றோர் மூன்று பேர் கொண்ட ஜனாதிபதிக் குழுவுக்குப் போட்டியிட முடியாதது பாகுபாடு என்று 2009இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் அதை நிபந்தனையாக்கியது, கட்சிகள் அசையவில்லை, கடைசியில் நிபந்தனையைத் தள்ளிவைத்துவிட்டு 2015இல் போஸ்னியாவுடனான கூட்டுறவு ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மொஸ்தார் நகரில் 2008க்குப் பிறகு பல ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அதை எதிர்த்த வழக்கில் 2019இல் வந்த ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு கெடுவும் வைத்தது: ஆறு மாதத்தில் சட்டத்தைத் திருத்தாவிட்டால் உள்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே இடைக்கால ஏற்பாடு செய்யலாம். சும்மா இருந்தால் முடிவு கைவிட்டுப் போகும் என்ற நிலை. தூதரகங்களும் கூடவே நெருக்கின. 2020 ஜூனில் இரண்டு பெரிய கட்சிகளும் தேர்தல் நடத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. டிசம்பர் 20 அன்று மொஸ்தார் வாக்களித்தது.