நானே ஊத்தியிருக்கலாமா, டீச்சர்?

பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் பெரியவர்களுக்கு நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பில் அந்த அம்மா இப்படிக் கேட்டார். அப்போது நான் அவசர ஞானஸ்நானத்தை, அதாவது அவசரத் திருமுழுக்கைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தேன். குழந்தை சாகக் கிடக்கிறது, பங்குச்சாமி (பாதிரியார்) வந்து சேர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெற்ற தாய் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம், ஆஸ்பத்திரி நர்ஸ் இந்துவாக இருந்தாலும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதை நாமும் செய்கிறோம் என்ற எண்ணம் இருக்க வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று முடித்தேன்.

"அப்போ நானே ஊத்தியிருக்கலாமா, டீச்சர்?"

"ஊத்தியிருக்கலாம்மா" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர் சொன்னார். எழுபதுகளின் கடைசியில் வீட்டிலேயே நடந்த பிரசவம். ஆண் பிள்ளை, விடியும்வரைதான் உயிரோடு இருந்தது. சாமியைக் கூப்பிட ஆள் போனது, அவர் வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார். மத்தியானம், சாமிக்கு உதவியாக ஊரில் மறைக்கல்வி சொல்லும் உபதேசியார் வந்து, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க முடியாது என்றார். சுற்றுச்சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் ஓர் இடம் உண்டு, அங்கே வேதனை இருக்காது, ஆனால் கடவுளைப் பார்க்காது என்றும் அவர்தான் சொல்லியிருக்கிறார். "கட்டில் பக்கத்துலயே செம்புல வெந்நீ இருந்துச்சு டீச்சர்." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான் கொடுத்திருந்த பாடத்தாளின் மூலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். அன்பியத்துக்கு வந்திருந்த யாரும் இந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை. அவருடைய மகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப அவன் எங்க இருக்கான்?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் மனசில் ஓடுகிறது. "கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்மா. மோட்சத்துல இருப்பான்னு எதிர்பார்க்க நமக்கு நல்ல காரணம் இருக்கு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "மோட்சத்துலதான் இருக்கான் பெரியம்மா, அதிலென்ன சந்தேகம்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அப்படியே அடுத்த செபத்துக்குப் போய்விட்டோம்.

நான் சொன்னதுதான் திருச்சபை சொல்வது. 1992ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1261ஆம் பத்தியில் இந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. எல்லாரும் மீட்படைய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்று சொன்னவர் இயேசு. ஆகவே அவர்களுக்கும் ஒரு வழி உண்டு என்று எதிர்நோக்கியிருக்கலாம் என்கிறது. 2007ல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு இதையே நீளமாக ஆராய்ந்தது. அதுவும் எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றதே தவிர, உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த நடு இடமோ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. இறையியலாளர்களின் ஒரு கருத்து, அவ்வளவே. குழந்தைக்கும் லேசான தண்டனை உண்டு என்ற, பழங்காலத் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீனின் கடுமையைத் தணிக்க வந்த கருத்து அது. ஆனால் நம் ஊர்களில் அதையே சத்தியம் போலப் பிரசவ அறை வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த உபதேசியாரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கற்பித்ததை அவர் சொன்னார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் அப்போது கிடையாது. ஆனாலும் 1970ல் வந்த திருப்பலி நூலிலேயே (பூசைக்கான செபங்கள் அடங்கிய நூல்) ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கான அடக்கத் திருப்பலி இருக்கிறது. பெற்றோர் கொடுக்க நினைத்திருந்தால் ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் சொல்லிவிட்டது. அந்த அம்மாவின் பிள்ளை இறந்தபோது திருப்பலி நூல் மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாற்றம் அவருடைய வாசலுக்கு வந்து சேரவில்லை. பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் முதன்மையானது என்று ரோமிலிருந்து 1971லேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். நாமோ பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்போடும் உறுதிபூசுதல் வகுப்போடும் கதவைச் சாத்திவிட்டு, எழுபது வயதுக்காரர்களைப் பத்து வயதில் கேட்டதோடு விட்டுவிடுகிறோம். இந்த வகுப்பை நான் விடாமல் நடத்துவதற்கு இதுதான் காரணம்.

உபதேசியார் உறுதியாகச் சொன்னதுதான் அந்த அம்மாவை இத்தனை வருஷம் வாட்டியது. அதனால்தான் ஆறுதலான பக்கத்திலும் எனக்குக் கொடுக்கப்படாத உறுதியை நான் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நாளைக்கு வேறொருவர் வந்து, டீச்சர் சொன்னது தப்பு, அப்படி எங்கேயும் எழுதியில்லை என்றால் அந்த அம்மா எங்கே போவார்? இந்த நியாயம் பகலில் சரியாகத்தான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் அவர் பார்த்த பார்வை வந்துவிடுகிறது. அவர் என்னிடம் இறையியல் கேட்கவில்லையே. பக்கத்திலிருந்த பெண் எந்தப் புத்தகமும் படிக்காமல் சொன்னாளே, அவளுக்கு இருந்த விசுவாசம் எனக்கு இல்லையா?

பங்குச்சாமியிடம் சொன்னேன். "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா நானா இருந்தா, இருக்கான்மான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அப்போ நான் சொன்னது எப்படிச் சரி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் பூசை வைக்கிறவர், பக்கத்தில் நின்று அடக்கம் செய்கிறவர். அவர் சொன்னால் அது மேய்ப்பர் சொல்லும் ஆறுதல். நான் பாடத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது போதனை ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த வித்தியாசம் உண்மையா, நான் சாய்ந்துகொள்ள ஏற்படுத்திக்கொண்டதா என்பது தெரியவில்லை.

முதல் பதிலைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். "ஊத்தியிருக்கலாம்மா" என்று அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டுமா? ஆனால் அப்போதுதான் நானே அதைச் சொல்லி முடித்திருந்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்று அதே வரிசையில் ஓர் இளம் நர்ஸ் உட்கார்ந்து அந்த வார்த்தைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள். பெற்றோர் கேட்டால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். ஒருத்திக்குக் கட்டாயம் தேவைப்பட்ட பாடம், இன்னொருத்திக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் தாமதமாக வந்தது.

அந்த அம்மா அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்தும் வந்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மனசு ஆறிவிட்டதா, இவளிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா? மகளிடம் விசாரித்தேன். "அம்மா வீட்ல அதைப் பத்திப் பேசுறாங்க டீச்சர், முன்னெல்லாம் பேசவே மாட்டாங்க" என்றாள். என்ன பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை.

தவக்காலத்தில் புதுக் குழுவுக்கு இதே பாடம் வருகிறது. பாடத்தை நீக்கமாட்டேன். வரிசையை மாற்றி, 1261ஆம் பத்தியை முதலில் வாசித்துவிட்டு அவசர ஞானஸ்நானத்துக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். அப்படிச் செய்தால் அந்த அம்மா மாதிரி இன்னொருவர் உட்கார்ந்திருந்தாலும் அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஆனால் கடவுள் எப்படியும் பார்த்துக்கொள்வார், தண்ணீர் ஊற்றுவது அவ்வளவு அவசரமில்லை என்று அந்த நர்ஸ் பெண்ணைப் போன்ற ஒருத்தி நினைத்துவிட்டால் என்ன செய்வது? பாடத்தாளை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.